துப்பாக்கி வாங்கும் முன் உரிமத்தைப் படியுங்கள்: பம்ப் ஆக்‌ஷனா, இரட்டைக்குழலா?

மீஞ்சூர், பொன்னேரி பக்கம் கொஞ்சம் நெல் வயல். எண்ணூர், மணலி, திருவொற்றியூர் பக்கம் கம்பெனி வாசலிலோ வங்கியிலோ காவல் வேலை. இப்படி இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் குடும்பங்கள் உண்டு. ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர்களும் இதில் இருக்கிறார்கள். இவர்கள் கேட்கும் கேள்வியைத்தான் மலையடிவாரத்தில் நிலம் வைத்திருப்பவர்களும் கேட்கிறார்கள். "நம்பி வாங்கக்கூடிய துப்பாக்கி எது? பம்ப் ஆக்‌ஷன் நல்லது என்கிறார்களே, வாங்கலாமா?"

எந்தத் துப்பாக்கி நல்லது என்பதைக் கம்பெனி பெயரை வைத்து முடிவு செய்ய முடியாது. உங்கள் உரிமத்தில் என்ன காரணம் எழுதியிருக்கிறது, எந்த ஊர் வரை செல்லும், அந்தத் துப்பாக்கியைக் கையாள உங்களுக்கு எவ்வளவு பழக்கம் இருக்கிறது என்ற மூன்றும்தான் அதை முடிவு செய்யும். இதைப் பார்க்காமல் பணம் கட்டியவர்கள் பிறகு நிம்மதி இழக்கிறார்கள். எனவே ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

காட்டுப்பன்றிக்காக என்றால் முதலில் இதைப் படியுங்கள்

துப்பாக்கி உரிமம் கையில் இருந்தால் வயலுக்கு வரும் பன்றியைச் சுடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. துப்பாக்கி வைத்திருக்க அனுமதி தருவது 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டம். விலங்கைச் சுட அனுமதி தர வேண்டியது 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். ஒன்றின் அனுமதி மற்றொன்றுக்குப் பொருந்தாது.

2022-ல் திருத்தப்பட்ட வன உயிரினச் சட்டத்தில் காட்டுப்பன்றி இரண்டாவது பட்டியலில் உள்ளது. மயில் முதல் பட்டியலில் உள்ளது. பன்றியை அனுமதியின்றிச் சுட்டால் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். மயிலைச் சுட்டால் தண்டனை இதைவிடக் கடுமை. பன்றி நேராகப் பாய்ந்து உயிருக்கு ஆபத்து வரும்போது, நல்லெண்ணத்தோடு தற்காப்புக்காகக் கொன்றால் அது குற்றமல்ல என்று சட்டம் சொல்கிறது. ஆனால் பயிரைக் காப்பது அந்தத் தற்காப்பில் சேராது.

தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் அரசு ஒரு நடைமுறையை அறிவித்தது. காப்புக்காட்டில் இருந்து 1 கிலோமீட்டர் வரை பன்றியைச் சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் சுடலாம். ஆனால் சுடுவது வனத்துறையின் வேலை, விவசாயியின் வேலை அல்ல. உங்கள் பகுதியில் இந்தத் தொல்லை இருந்தால் கிராம நிர்வாக அலுவலர், வனவர் வழியாக எழுத்தில் புகார் கொடுங்கள். பயிர் இழப்பீட்டுக்கு வனச்சரக அலுவலகத்தில் மனு கொடுங்கள். சேதமான பயிரைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேரளாவில் நடைமுறை வேறு. அங்கே 2022 மே மாதம் முதல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு அனுமதி தரும் அதிகாரம் கொடுக்கப்பட்டு, உரிமம் உள்ள துப்பாக்கிக்காரர்கள் பன்றியைச் சுட வழி செய்யப்பட்டது. எல்லையோர மாவட்டங்களில் அதைக் கேள்விப்பட்டு "நமக்கும் உண்டு" என்று நினைத்துவிடாதீர்கள்.

துப்பாக்கி இல்லாதவர்கள் திருட்டு மின்வேலி போடுவதும், அவுட்டுக்காய் வைப்பதும் அதைவிட மோசம். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே திருட்டு மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தன. அதே ஆண்டில் மின்வேலிகளைப் பதிவு செய்து முறைப்படுத்தும் விதிகளை அரசு கொண்டுவந்தது. இதுபோன்ற வேலிகளில் மனிதர்களும் செத்திருக்கிறார்கள். முறைப்படி பதிவு செய்த சூரியசக்தி வேலி, துப்பாக்கியைவிடப் பன்றிக்கு நல்ல காவல். விலையிலும் பெரும்பாலும் அதுதான் லாபம்.

சட்டம் எதை அனுமதிக்கிறது?

ஆயுதச் சட்டத்தின் 13-ம் பிரிவு விவசாயியைத் தனியாகக் குறிப்பிடுகிறது. உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்கு, குழல் வாயில் கருமருந்து இட்டு அடைக்கும் பழைய வகைத் துப்பாக்கிக்கு உரிமம் தரலாம். அது போதாது என்று உரிமம் தரும் அதிகாரி கருதினால், 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் உள்ள, உள்புறம் வழவழப்பான வேறு துப்பாக்கிக்கும் தரலாம். நாம் 12 போர் என்று சொல்வது இந்த இரண்டாவது வகை. உயிர்ப் பாதுகாப்புக்கு உரிமம் கேட்பவர்களுக்கும் இதே 20 அங்குல அளவுதான்.

இந்த 20 அங்குலம் முக்கியம். அமெரிக்க வீடியோக்களில் "வீட்டுக் காவலுக்கு ஏற்றது" என்று காட்டும் பம்ப் ஆக்‌ஷன் துப்பாக்கிகளில் பல 18 அங்குலக் குழல் கொண்டவை. அந்த அளவு நம் ஊரில் சாதாரண உரிமத்தில் வராது. குழலை அறுத்துக் குறைப்பதும் பெரிய குற்றம்.

உரிமம் கேட்க வயது 21 ஆகியிருக்க வேண்டும். மாவட்டங்களில் ஆட்சியரிடமும், காவல் ஆணையரகம் உள்ள நகரங்களில் ஆணையரிடமும் மனு செய்ய வேண்டும். காவல் நிலைய விசாரணை, மருத்துவச் சான்று, துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சிச் சான்று ஆகியவை 2016-ம் ஆண்டின் விதிகளின்படி தேவை. ஒருவர் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிதான் வைத்திருக்கலாம். 2019-க்கு முன் இது மூன்றாக இருந்தது.

சிறு விவசாயிகள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். "உங்களுக்குச் சொத்து போதாது" என்ற ஒரே காரணத்துக்காக உரிமத்தை மறுக்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மேல்முறையீடு செய்யவும் வழி உண்டு.

உரிமம் இல்லாமல் நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தால் 2 ஆண்டுக்குக் குறையாமல் 5 ஆண்டு வரை சிறை. "சும்மா வீட்டில்தான் கிடந்தது" என்பது பதிலாகாது. ஏர்கன் எல்லாமே உரிமம் இல்லாமல் வாங்கலாம் என்பதும் தவறு. குழல் 0.177 அங்குலத்தைத் தாண்டினாலோ, சக்தி 20 ஜூலைத் தாண்டினாலோ அதற்கும் உரிமம் வேண்டும்.

12 போர் வகைகளும் அவற்றின் குணமும்

ஒரு பவுண்டு, அதாவது சுமார் 454 கிராம் ஈயத்தை 12 சம உருண்டைகளாக உருட்டினால், ஓர் உருண்டை எந்தக் குழலில் சரியாகப் பொருந்துமோ அதுதான் 12 போர். உள்விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர். இந்த அளவில் மூன்று வகைகள் நம் ஊரில் புழங்குகின்றன.

ஒற்றைக்குழல்: உரிமத்தில் எஸ்.பி.பி.எல். என்று எழுதுவார்கள். மடக்கித் திறந்து ஒரு தோட்டா போட வேண்டும். பாகங்கள் குறைவு, பழுதும் குறைவு. ஒருமுறை சுட்டால் மறுபடி போட வேண்டும்.

இரட்டைக்குழல்: டி.பி.பி.எல். என்பார்கள். வங்கி வாசலில் காவலர் கையில் நீங்கள் அதிகம் பார்ப்பது இதுதான். இரண்டு தோட்டா. மடக்கித் திறந்தால் இரண்டு குழலும் வெறுமையா, தோட்டா இருக்கிறதா என்பது கண்ணால் தெரிந்துவிடும்.

பம்ப் ஆக்‌ஷன்: குழலுக்குக் கீழே இன்னொரு குழாய் இருக்கும். அதில் தோட்டாக்கள் வரிசையாக நிற்கும். முன்கை பிடிக்கும் கட்டையைப் பின்னால் இழுத்தால் சுட்ட தோட்டா வெளியே விழும். முன்னால் தள்ளினால் அடுத்த தோட்டா குழலுக்குள் ஏறும். அமெரிக்காவில் 1950-ல் வந்த ரெமிங்டன் 870 இந்த வகையில் உலகப் புகழ் பெற்றது. நம் நாட்டில் அரசுத் துறையின் துப்பாக்கித் தொழிற்சாலைகள் இந்த வகையைத் தயாரித்திருக்கின்றன. திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையும் அதில் ஒன்று. 2021 அக்டோபர் முதல் அந்தத் தொழிற்சாலை மத்திய அரசின் ஏ.டபிள்யூ.இ.ஐ.எல். நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது.

பம்ப் ஆக்‌ஷன் யாருக்கு ஏற்றது?

இதில் தோட்டா அதிகம் பிடிக்கும், அடுத்தடுத்துச் சுடலாம். தானியங்கிப் பொறியை நம்பாமல் கை இழுப்பில் இயங்குவதால், தோட்டா கொஞ்சம் வீரியம் குறைந்திருந்தாலும் வேலை செய்யும்.

ஆனால் மூன்று குறைகளை மறக்காதீர்கள். ஒன்று, கட்டையை முழுதாகப் பின்னால் இழுக்காமல் பாதியில் தள்ளினால் தோட்டா சிக்கிக்கொள்ளும். பதற்றத்தில் பழக்கமில்லாதவர்கள் செய்வது இதைத்தான். இரண்டு, குழல் வெறுமையாக இருந்தாலும் கீழ்க்குழாயில் தோட்டா இருக்கலாம். காலி என்று நினைத்து ஒருமுறை கட்டையை இழுத்துத் தள்ளினால் துப்பாக்கி நிரம்பிவிடும். பிள்ளைகள் உள்ள வீட்டில் இது பெரிய ஆபத்து. மூன்று, பாகங்கள் அதிகம் என்பதால் பழுது பார்க்கத் தெரிந்த உரிமம் பெற்ற கடை அருகில் இருக்க வேண்டும்.

ஆகவே, மாதம் தவறாமல் பயிற்சிக் களத்துக்குப் போகும், தினமும் துப்பாக்கியோடு நிற்கும் காவல் பணியாளருக்குப் பம்ப் ஆக்‌ஷன் பொருந்தும். ஆண்டுக்கு ஒருமுறை எடுத்துத் துடைத்து வைக்கும் விவசாய வீட்டுக்கு இரட்டைக்குழல்தான் பத்திரம். திறந்து பார்த்தால் நிலைமை தெரிகிற துப்பாக்கிதான் வீட்டில் இருக்க வேண்டியது.

பழைய துப்பாக்கி வாங்கும்போது

வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதிக்குக் கடுமையான கட்டுப்பாடு இருப்பதால், கைமாறி வரும் பழைய துப்பாக்கிகள் சந்தையில் உண்டு. உரிமம் பெற்ற ஆயுதக் கடை வழியாக மட்டும் வாங்குங்கள். வாங்கும் முன் இவற்றைப் பாருங்கள்.

துப்பாக்கியைத் திறந்து, குழலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பாருங்கள். துருப் பள்ளம், வீக்கம், நசுங்கல் இருந்தால் வேண்டாம். மூடிய பிறகு மெல்ல ஆட்டிப் பாருங்கள். கீல் லொடலொட என்று ஆடினால் தேய்ந்துவிட்டது என்று பொருள். பின்கட்டையில் விரிசல் இருக்கக் கூடாது. குழலில் உள்ள எண்ணும் உரிமத்தில் ஏறப்போகும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். வெடிச் சோதனை முத்திரை இருக்கிறதா என்று கடைக்காரரிடம் காட்டச் சொல்லுங்கள்.

முக்கியமாகத் தோட்டா அறையின் நீளத்தைக் கேளுங்கள். மிகப் பழைய துப்பாக்கிகள் சிலவற்றில் அது 65 மில்லிமீட்டர். இன்று சாதாரணமாகக் கிடைப்பது 70 மில்லிமீட்டர் தோட்டா. பெரிய தோட்டா சின்ன அறைக்குள் நுழைந்துவிடும், ஆனால் சுடும்போது விரிய இடம் இல்லாமல் அழுத்தம் ஏறும். குழலே வெடிக்கக் கூடும்.

தோட்டாவைப் பொறுத்தவரை, அட்டையில் உள்ள எண் கூடக் கூட உள்ளே இருக்கும் ரவை சிறிதாகும். நம்பர் 6 சிறு ரவை. எஸ்.ஜி., எல்.ஜி. என்பவை பெரிய குண்டுகள். சமவெளி வயலில் பெரிய குண்டு குறி தவறினால் பல நூறு மீட்டர் போகும். நடுவே தடுக்க மரமோ மேடோ இருக்காது. அடுத்த வயலில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருப்பவர் உங்கள் கண்ணுக்குத் தெரிய மாட்டார்.

ஆற்றைத் தாண்டினால் மாவட்டம் மாறும்

இப்போது காவல் வேலைக்குப் போகிறவர்களுக்கு. எண்ணூர் முகத்துவாரக்குப்பத்தில் கொசஸ்தலை ஆறு கடலில் சேர்கிறது. குப்பம் இருக்கும் கரை சென்னை மாவட்டம். எதிர்ப்பக்கம் காட்டுப்பள்ளி, அது திருவள்ளூர் மாவட்டம். 2018-ல் திருவொற்றியூர் வட்டம் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்த பிறகு இந்த எல்லை வந்தது. பழைய உரிமங்களைக் கையில் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்காமல் போகலாம்.

உங்கள் உரிமத்தில் "செல்லும் பகுதி" என்ற இடத்தைப் பாருங்கள். ஒரு மாவட்டத்துக்கு மட்டும் என்று இருந்தால், அந்தத் துப்பாக்கியோடு மீஞ்சூரில் இருந்து எண்ணூருக்கு வேலைக்கு வருவதே விதிமீறல். முன்கூட்டியே மனு கொடுத்துப் பகுதியை விரிவாக்கிக்கொள்ள வேண்டும். அதுபோல, பயிர்ப் பாதுகாப்புக்கு வாங்கிய உரிமத்தை வைத்துக்கொண்டு கம்பெனி வாசலில் காவல் நிற்கக் கூடாது. காரணம் மாறினால் உரிமத்திலும் மாற வேண்டும். தனியார் நிறுவனம் மூலம் வேலைக்குச் சேர்ந்தால், அந்த நிறுவனம் 2005-ம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைச் சட்டத்தின்படி உரிமம் பெற்றதா என்று கேளுங்கள். துப்பாக்கி உங்கள் பெயரில் இருந்தால் வழக்கும் உங்கள் பெயரில்தான் வரும்.

இந்தப் பகுதியில் எண்ணெய், எரிவாயுக் கிடங்குகளும் குழாய்களும் நிறைய. அங்கே ஆயுதத்தோடு உள்ளே போக நிர்வாகத்தின் தனி அனுமதி இருக்கிறதா என்று தெரிந்துகொண்டு போங்கள். பேருந்திலும் சாலையிலும் துப்பாக்கியை உறையில் முழுதாக மூடி, தோட்டாவைத் தனியாக எடுத்துச் செல்லுங்கள். கழிமுகத்துக்கும் பழவேற்காட்டுக்கும் வரும் பறவைகளின் மேல் குறி பார்ப்பது, விளையாட்டாக இருந்தாலும், வன உயிரினச் சட்டத்தில் வழக்காகிவிடும்.

உப்புக்காற்றும் வெள்ளமும்

கடலோரத்தில் துப்பாக்கிக்கு முதல் எதிரி துரு. முகத்துவாரத்தில் சைக்கிள் செயின் எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கிறது என்று உங்களுக்கே தெரியும். துப்பாக்கியும் இரும்புதான். வாரம் ஒருமுறை தோட்டா இல்லை என்பதை இருமுறை பார்த்துவிட்டு, துடைப்புக் கம்பியில் துணி சுற்றிக் குழலின் உள்ளே துடைத்து, மெல்லிய எண்ணெய் பூசுங்கள். அளவுக்கு அதிகமாகப் பூசினால் தூசியும் மணலும் ஒட்டும். பம்ப் ஆக்‌ஷனில் அது சிக்கலை உண்டாக்கும். துணி உறையிலோ தோல் உறையிலோ மாதக்கணக்கில் மூடி வைக்காதீர்கள். ஈரம் உள்ளேயே நின்று துரு பிடிக்கும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததையும், எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்ததையும் மறந்திருக்க மாட்டீர்கள். துப்பாக்கிப் பெட்டி தரையில் இருக்கக் கூடாது. சுவரில் பதித்து, பூட்டி, உயரத்தில் வையுங்கள். தோட்டாவை வேறு இடத்தில் பூட்டுங்கள். தண்ணீரில் நனைந்த துப்பாக்கியைச் சுட்டுப் பார்த்துச் சோதிக்காதீர்கள், உரிமம் பெற்ற கடையில் கொடுத்துப் பிரித்துப் பாருங்கள். நனைந்த தோட்டா வேண்டவே வேண்டாம். துப்பாக்கி காணாமல் போனால் உடனே காவல் நிலையத்தில் சொல்லிவிடுங்கள்.

திருடன் வந்தால் சுடலாமா?

2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா தற்காப்பு உரிமையைத் தருகிறது. ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது. கொள்ளை, இரவில் வீட்டை உடைத்து நுழைதல், குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைத்தல், உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ நியாயமான பயம் தரும் திருட்டு ஆகியவற்றில்தான் சொத்தைக் காக்கும்போது உயிர்ச்சேதம் வரை சட்டம் பொறுத்துக்கொள்ளும். தோட்டத்தில் தேங்காய் பறித்துக்கொண்டு ஓடுபவரை முதுகில் சுட்டால் அது கொலை வழக்கு. மோட்டார் வயர் திருடியவரைச் சுட்டாலும் அப்படியே. திருவிழாவிலும் கல்யாணத்திலும் வானத்தை நோக்கிச் சுடுவதற்கும் 2 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

தாத்தாவின் துப்பாக்கி பரணில் இருந்தால்

உரிமம் வைத்திருந்தவர் இறந்துவிட்டால், அந்தத் துப்பாக்கியை வாரிசு சும்மா வைத்துக்கொள்ள முடியாது. தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். பிறகு வாரிசு பெயருக்கு உரிமம் கேட்டு மனு செய்யலாம், அல்லது விற்றுவிடலாம். தேர்தல் அறிவித்ததும் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். அப்போதும் ரசீது முக்கியம். உரிமம் இப்போது 5 ஆண்டுக்குத் தரப்படுகிறது. முடியும் தேதியை வீட்டுக் காலண்டரில் எழுதி வையுங்கள்.

சுருக்கமாகச் சொன்னால்

பன்றித் தொல்லைக்குத் துப்பாக்கி வாங்காதீர்கள், வேலிக்கும் இழப்பீட்டு மனுவுக்கும் செலவு செய்யுங்கள். தனித்த வீட்டுக்கு உயிர்ப் பாதுகாப்பு உண்மையிலேயே தேவை என்றால், நல்ல நிலையில் உள்ள இரட்டைக்குழல் 12 போர் போதும். தினசரிக் காவல் பணியும் தொடர்ந்த பயிற்சியும் இருந்தால் மட்டும் 20 அங்குலக் குழலுக்குக் குறையாத பம்ப் ஆக்‌ஷனைப் பாருங்கள். எதை வாங்கினாலும், கடைக்குப் போகும் முன் உரிமத்தை ஒரு முறை முதல் வரியில் இருந்து கடைசி வரி வரை படித்துவிடுங்கள். காரணம், பகுதி, முடியும் தேதி ஆகிய மூன்றும் சரியாக இருந்தால் பிறகு துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்கலாம்.